அடுத்த வீட்டைத் தாண்டிப் போன புரோகிராம்

சித்தப்பா மகளின் காதுகுத்துக்கு ஊர் முழுக்கப் போனில் அழைப்பு விடுவது என்று முடிவானதும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. சென்னை கம்பெனி ஒன்றுக்குக் கீரமங்கலத்து வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள் நான். நாதஸ்வரத்தோடு சித்தப்பாவின் குரலைப் பதிந்து, எல்லா எண்களுக்கும் அது தானாகப் போய்ப் பேசும்படி செய்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்து கருமாதி முடியாத வீட்டுக்கும் அதன் பங்காளி வீடுகளுக்கும் நல்ல காரியத்துக்கு அழைப்பு போகக் கூடாது. அந்த வாரம்தான் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் பைக் விபத்தில் போயிருந்தான். சித்தப்பா தெருவரிசையில் தந்த பட்டியலில் துக்க வீடுகளைக் குறித்து, அவற்றை நீக்கும்படி புரோகிராம் எழுதினேன். அனுப்பும் முன் மிச்சப் பட்டியலைத் திரையில் பார்த்தேன். அவன் பெரியப்பா வீடு நீங்கியிருந்தது. அதற்கடுத்த அவன் வீடு அப்படியே இருந்தது. மகனைப் பறிகொடுத்த அம்மாவின் காதில் மேளச் சத்தமா?

“அந்த ஒரு நம்பரைக் கையால அழிச்சுட்டு அனுப்பும்மா. நேரமாகுதுல்ல” என்றார் சித்தப்பா.

“ஒன்னு தப்பியிருக்குன்னா இன்னும் எத்தனை தப்பியிருக்கோ. கண்டுபிடிக்காம ஒரு போன் போவாது சித்தப்பா.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். புரோகிராம் இடக்கணக்கில் நடக்கிறது: மூன்றாவது இடம், அடுத்து நான்காவது. மூன்றாவது வீட்டை நீக்கியதும், ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் நகர்வது போல, நான்காவது வீடு மூன்றாவது இடத்துக்கு ஏறிவிடுகிறது. புரோகிராமோ நான்காவது இடத்துக்குப் போய்விடுகிறது. ஏறி வந்த வீட்டை அது பார்ப்பதே இல்லை. துக்க வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் இது தெரிந்தே இருக்காது. எங்கள் ஊர்ப் பங்காளிகளோ சுவரை ஒட்டிச் சுவர் எழுப்புகிறவர்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும் பட்டியலிலேயே கைவைத்ததுதான் வினை. பழையதைத் தொடாமல், அழைக்க வேண்டிய வீடுகளை மட்டும் புதுப் பட்டியலில் சேர்க்கும்படி மாற்றினேன். வேறு தெருவில் தப்பியிருந்த இன்னொரு துக்க வீடும் விலகியது. அதற்குப் பிறகுதான் அழைப்பு போனது. சித்தப்பா காபி கொண்டுவந்து வைத்தார்.

கருமாதிக்குப் போனேன். அவன் அம்மாவின் மடியில் அவனுடைய போன் இருந்தது. சார்ஜ் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்திருந்தார். அந்த வீட்டுக்கென்று எங்கள் பட்டியலில் இருந்த எண் அதுதான்.

“யாராச்சும் அவனைக் கூப்பிட்டா நான் எடுத்துப் பேசணும்ல, அதான் கையிலயே வச்சிருக்கேன்” என்றார்.