ஃபோர்மேனின் நீலம்

நீலம். எட்டு வாரம் அந்தச் சோதனைக் குழாய் நீலமாகவே நின்றது, எட்டு வாரமும் எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவருக்கு நீலம் மாறாது. இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் இதுதான் என் வேலை.

சனிக்கிழமை மாலைகளில் டாக்டரம்மா சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைப்பார். வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சிறுநீர் என்ன நிறம் காட்டியது என்று நான் சொல்வேன். பிறகு அந்த வாரம் எதற்குப் பயந்தார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். கால் போய்விடுமோ, கண் போய்விடுமோ, மகள் கல்யாணம் வரை இருப்போமோ. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட பயம் ஆளை முடக்காது என்பார் டாக்டரம்மா.

அந்த வட்டத்தில் ஒரு தொழிற்சாலையின் ஃபோர்மேனும், அவருக்குக் கீழே வேலை செய்த ஃபிட்டரும் இருந்தார்கள். முதல் வாரம் ஃபோர்மேனுக்குச் செங்கல் நிறம். "இன்னா சார், கன்ட்ரோல் எல்லாம் எங்க கிட்டத்தானா, வாய்க்குக் கெடயாதா?" என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேனும் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு நீலம். ஃபிட்டரே கை தட்டினார்.

ஃபோர்மேனைப் பார்த்து நான் மனதுக்குள் வரிசை போட்டேன். ஒன்று, பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. இரண்டு, பானைத் தண்ணீரை அவர் ஒருவரே காலி செய்தார். மூன்று, ஒரு மணி நேரத்தில் இருமுறை எழுந்து வெளியே போனார். மூன்றும் சர்க்கரை ஏறியதற்கான அடையாளம்; எதுவும் நீலத்தோடு பொருந்தவில்லை. கரைசலை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் நீலம். டாக்டரம்மாவிடம் சொன்னால் இவர் வருவதையே நிறுத்திவிடுவாரோ என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன்.

பத்தாவது வாரம் ஆரஞ்சு.

"வுடு சார், ஏறும் எறங்கும்," என்றார் ஃபிட்டர். ஃபோர்மேன் முகம் வெளுத்துவிட்டது.

"அது என்னுது இல்ல. என் சம்சாரத்துது. உன்னியும் டாக்டரம்மா பாக்கச் சொன்னாங்கன்னு சொல்லி வாரா வாரம் வாங்கியாந்தேன்," என்றவர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். "அவளுக்கு இன்னாம்மா ஆவும்?"

யாரும் சிரிக்கவில்லை. ஃபிட்டர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் இட்டுகினு வா சார். நாங்கள்லாம் இருந்துகினுதான கீறோம்."

அந்த அம்மாள் வந்தார், கூடையில் இரண்டு பாட்டில்களோடு. எதற்குப் பயம் என்று டாக்டரம்மா கேட்டபோது தன் பாட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எனக்கு இப்பத்தான வந்துகீது, பாத்துக்கலாம். ரெண்டு மாசமா இவருது இன்னா கலருன்னு யாருக்குமே தெரியாதே, அத்த நெனச்சாத்தான் ஒடம்பு நடுங்குது."

"எனக்குச் சந்தேகம் இருந்தது," என்றேன்.

"அப்பவே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

கோபமில்லாமல்தான் சொன்னார் அந்த அம்மாள். அவர் கணவரின் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். வட்டம் கலைந்து எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். குழாயில் நிறம் மாறத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் சத்தமாகச் சொன்னார்: "செங்கல்."