எந்தத் தோளுக்கு எந்தத் துவக்கு

எலுவன்குளத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கச்சான் காணி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தடவை காட்டுப்பன்றிகள் நிலக்கடலையைக் கிண்டித் தின்றுவிட்டன. மூன்றாவது தடவையும் போனால் காணியை விட்டுவிடுவது என்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம். அதனால்தான் பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி எடுத்தேன். அனுமதி ஒன்றுக்குத்தான். பிழையானதை வாங்கிவிட்டால் அறுவடைக்கு முன் மாற்ற நேரமில்லை.

கடைக்காரர் மேசையில் இரண்டை வைத்தார். இரண்டும் பழையவை, எங்கள் கைக்கு எட்டிய விலை. இரண்டிலும் வலப்பக்கத்துப் போல்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்: நிறை, குழலின் நீளம், விசையின் இறுக்கம், போல்ட் ஓடும் விதம், துரு. நெடியது நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, குட்டையானது மூன்று. பார்த்த ஒன்பது விடயங்களில் ஏழில் குட்டையானதே மேல்.

"சின்னத எடுங்க நானா. பஞ்சு மாதிரி," என்றார் கடைக்காரர்.

அதை வலத்தோளில் வைத்து, சுவர்க் கலண்டரில் ஓர் எண்ணைக் குறி பார்த்தேன். குழலின் நுனி எண்ணில் நிற்கவில்லை. இடக்கண் தானாக முந்தியது. கூட வந்து கதிரையில் இருந்த மனைவி சிரித்தாள்.

"ஏன் சோத்துக்கையால பிடிக்கிறீங்க? கத்தி பீச்சக்கை, மண்வெட்டி பீச்சக்கை. துவக்க மட்டும் என்ன, தின்னவா போறீங்க?"

"ராத்தா சொல்றது சரிதானே," என்று கடைக்காரரும் சிரித்தார்.

பிறவியில் நான் இடக்கைக்காரன். சாப்பிடவும் எழுதவும் கொடுத்து வாங்கவும் உம்மா அடித்து வலக்கையைப் பழக்கினார். ஆட்களுக்கு முன்னால் எதை எடுத்தாலும் இன்றும் அதுதான் முதலில் நீளும். துவக்குக்கும் அப்படித்தான் நீண்டது.

இடத்தோளுக்கு மாற்றினேன். குழல் எண்ணில் நின்றது. ஆனால் போல்ட் மறுபக்கம். குட்டையானதில் இடக்கையால் எட்டி இழுத்தபோது குறி விலகியது. நெடியதின் குழலை ஒரு கதிரையின் முதுகில் சாய்த்துப் பார்த்தேன். பாரத்தைக் கதிரை தாங்கியது. இடக்கை பிடியிலேயே இருக்க, சும்மா இருந்த வலக்கை போல்டை இழுத்தது. குறி அசையவில்லை. குட்டையானதையும் அப்படியே சாய்த்தேன், இழுத்த இழுப்புக்கு அதன் இலேசான குழல் துள்ளியது. நான் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டில் திரியப் போவதில்லை. பரணில் இருந்துதான் சுடப் போகிறேன். கொப்பியில் குட்டையானதற்குப் போட்ட ஏழு சரியையும் வெட்டினேன்.

"இதத் தாங்க."

"பாரம், நானா."

"ஓம். பரணில ஒரு கம்பக் குறுக்கால கட்டினா அது தாங்கும்."

வீட்டில் பத்து நாள், தோட்டா இல்லாமல், நாளுக்கு நாற்பது தரம் இழுத்துப் பழகினேன்.

பதினோராம் நாள் விடியுமுன் சுபஹுத் தொழுகை முடித்துப் பரணில் ஏறினேன். நிலம் வெளித்ததும் ஐந்து பன்றிகள் வந்தன. முதல் வெடி மண்ணில் பட்டது. நான்கு ஓடின, பெரியது வேலியோரம் திரும்பி நின்றது. வலக்கை இழுத்துத் தள்ளியது. இரண்டாவது வெடிக்கு அது விழுந்தது.

அதன் பிறகும் பதினொரு விடியல்கள் பரணில் இருந்தேன். பன்றிகள் இரண்டு நாள் மட்டும் வந்து, வெடிச்சத்தத்துக்குத் திரும்பிப் போயின. பன்னிரண்டாம் விடியலில் கச்சான் பிடுங்கினோம். ஓரத்தில் மூன்று வரிச் செடிதான் போயிருந்தது. அன்று பின்னேரமே மனைவி அடுத்த தடவைக்கு விதைக் கச்சான் தெரிந்தெடுக்கத் தொடங்கினாள்.