திரையில் தெரிந்த முதுகு

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், கொம்யூன் எனும் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஏரிக்கரைக் குடியிருப்பில் தனியாக வசித்த ஒரு டெனிஷ் மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. எண்பதைத் தாண்டியவர். வார நாட்களில் காலை எட்டு மணிக்குப் போய் அவரைக் குளிக்க வார்ப்பேன். குளியலறைக்குள் நுழையுமுன் அங்கிருந்த கண்ணாடியைத் துவாயால் மூடச் சொல்வார். வயதானவர்களின் பழக்கங்களுக்குக் காரணம் கேட்காமலிருக்க நான் பழகியிருந்தேன். அவருடைய இடது தோளுக்குக் கீழே, முதுகில், வளைந்த நீளத் தழும்பு ஒன்று இருந்தது. சிறுவயதில் பண்ணையில் முள்ளுக்கம்பி கிழித்ததாம்.

ஒரு நாள் புத்தகத் தட்டைத் துடைக்கும்போது பழைய பிரெஞ்சுச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று கீழே விழுந்து விரிந்தது. உடையில்லாத ஒருத்தி குளத்திலிருந்து எழுந்து வந்து, தூங்குகிற ஆணொருவன் மேல் குனிந்து நின்றாள். சட்டென்று மூடினேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். அவர் டெனிஷில் பேசியது எனக்குள் எங்கள் தமிழாகவே நிற்கிறது.

"இதைப் படமாவும் எடுத்தவை. நான் அப்ப பாரிஸிலை இருந்தனான். கதாநாயகி உடுப்பைக் கழட்ட மாட்டன் எண்டிட்டாள். முகம் அவளின்ரை, உடம்பு என்ரை."

மறதி தொடங்கியிருந்த காலம். மனம் எதையோ புனைகிறது என்று நினைத்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து மகளிடம் படத்தின் பெயரைச் சொன்னேன். அவள் டெனிஷில் கத்தினாள். "அம்மா, அது எங்கடை பேய்ப்பட விசிறியள் திருப்பித் திருப்பிப் பாக்கிற படம்! நீங்கள் அதைப் பாக்கப் போறீங்களோ?"

"ஓம்," என்றேன்.

ஞாயிறு மத்தியானம், அவளுடைய அப்பா தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரம், இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். செத்துப்போன பெண்ணொருத்தி குளத்திலிருந்து வருகிறாள். அவளோடு படுத்த ஆண்கள் விடிந்ததும் தங்கள் பெயரை மறந்துபோகிறார்கள். சில இடங்களில் நானும் மகளும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். கடைசியில் அவள் முதுகைக் காட்டியபடி தண்ணீருக்குள் இறங்குகிறாள். இடது தோளுக்குக் கீழே, வளைந்து, நீளமாக, அதே தழும்பு.

முந்தாநாள் சவர்க்காரம் பூசித் தேய்த்த முதுகு அது. அங்கே அது இருபது வயதில், ஈரமாக, அப்படியே இருந்தது.

"அந்தத் தழும்பு மேக்கப் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை," என்றாள் மகள்.

அடுத்த நாள் குளிக்க வார்க்கும்போது, "படம் பாத்தனான்," என்றேன்.

அவர் கையை வளைத்துத் தழும்பைத் தொட முயன்றார். பிறகு, "வடிவா இருந்தனானோ?" என்று கேட்டார்.

"நல்ல வடிவு."

"படத்திலை இருக்கிறவளுக்கு வயசு போறேல்லை. இஞ்சை வந்து நிக்கிறவள். இப்பவும் உமக்குப் பின்னாலை நிக்கிறாள்."

நோய்தான் அப்படிப் பேசவைக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குத்தானே பயிற்சி எடுத்தேன். ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூடிய துவாயையும் பார்க்கவில்லை.

அவர்தான் அந்தப் பெண் என்று இணையத்தில் எழுத வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். "அவவின்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது, அம்மா. அது அநியாயம்." வேலையில் அறிந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று அவளைத் தடுத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில், எழுதலாமா, எந்தப் பெயரை எழுதுவது என்று அவரிடமே கேட்டேன். தன் பெயரைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். வரவில்லை.

"பேரை அவள் கொண்டுபோயிட்டாள்," என்றார். அழவில்லை.

தை மாதத்தில் அவர் இறந்தார். உடம்பைத் துடைத்து உடுப்புப் போட்டது நானும் இன்னொரு பணியாளரும். கதவுப் பலகையிலிருந்து அவருடைய பெயரைக் கழற்றினார்கள். ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்கு ஒரு முதியவர் குடிவந்தார். நல்ல மனிதர், பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார். இரண்டு காலைகள் போய், மூடாத குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமலே அவரைக் குளிக்க வார்த்தேன். மூன்றாம் நாள், படி ஏற முழங்கால் நோகுதென்று பொறுப்பாளரிடம் சொல்லி வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டேன். என் முழங்காலில் ஒரு நோவும் இருக்கவில்லை.