பூனைக்கும் ஒரு பொட்டலம் உப்பு மிளகு

என் மகளின் கன்னத்தில் இருந்த மரு களிம்பால் போனதா, கோயிலில் உப்பும் மிளகும் போட்டதால் போனதா, இல்லை தானாகவே உதிர்ந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் பொங்கல் முடிந்த சமயம். எங்கள் வீடு வடக்கனந்தல் பக்கம். நாலு வயது மகளின் கன்னத்தில் மரு முளைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வெள்ளைப் பூனையின் காது நுனியில் கடுகு போல ஒரு கட்டியைப் பார்த்தேன். அது கொண்டைக்கடலை அளவுக்கு வளர்ந்தது. மகளும் பூனையும் எந்நேரமும் ஒன்றாகவே உருள்பவர்கள். பூனையிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதைத் தொடவே கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

என் மாமியார் பதறவில்லை. மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிர்ந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் இரண்டு பொட்டலம் கட்டினார். இரண்டாவது யாருக்கு என்று பூசாரி கேட்க, பூனைக்கு என்றார். பூசாரி சிரிக்காமல் நட்சத்திரம் கேட்டார்.

"ஐப்பசி மழையில பொறந்திச்சுங்க. நட்சத்திரத்த நீங்களே பாத்துப் போட்டுக்குங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வராயன் மலையில் இருக்கும் கணவரின் கூட்டாளி வீட்டில் பூனையை விட்டுவரும்படி அவரை நச்சரித்தேன். ஒரு ஞாயிறு காலை அரை மனதோடு அதைக் கூடையில் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய், இரண்டு கவுனைப் பையில் திணித்துக்கொண்டு வந்து பைக்கில் ஏறினாள்.

"எனக்குந்தான் மரு கீது. நானும் மலைக்குப் போறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். "இப்ப இன்னா சொல்ற?"

கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

மறுநாள் மகளையும் அழைத்துக்கொண்டு பூனையோடு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கால்நடை மருத்துவர் ஒரு பெண். காதைப் பார்த்ததும், "வூட்ல மாடு இருக்குதுங்களா?" என்று கேட்டார். பால் கறக்கும்போது பூனை மடியருகே போய் உட்காரும், மாமியார் அதன் வாய்க்குள்ளேயே பாலைப் பீய்ச்சுவார் என்றேன். மாடுகளிடம் இருக்கும் ஒருவகை வைரஸால் பூனைக்கு இப்படித் தோலில் கட்டி வருவதுண்டாம். எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும், எடுத்தாலும் திரும்ப வரலாம் என்றார். ஆனால் அந்த வைரஸ் மனிதர்களுக்கு ஒட்டாது. மகளுக்கு இருப்பது பிள்ளைகளுக்கு வரும் வேறு மரு. நிஜமாகவே ஒட்டாதா என்று நான் விடாமல் கேட்க, அவர் மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ தூக்கிக்கோ பாப்பா. அம்மாவுக்கு பயம் மெதுவா போவட்டும்."

காது நுனியோடு கட்டியை எடுத்தார்கள். சோதனையிலும் அவர் சொன்னதே உறுதியானது. மயிர் மழித்து, காதில் தையலோடு வந்த பூனையைப் பார்த்து மாமியார், "மொட்ட அடிச்சி காதும் குத்தியாச்சி, மாமன் சீரு எங்க?" என்றார். அன்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மகள் மடியில் பூனை தூங்கியது.

கட்டி இதுவரை திரும்பவில்லை. தோல் மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டிருக்கையிலேயே மகளின் மருவும் ஒருநாள் காணாமல் போனது. பயந்து ஒன்றை ஒதுக்கும் முன், தெரிந்தவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பூனையை மாட்டுக்கொட்டகைப் பக்கம் விடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். பால் செம்பில் விழும் சத்தம் கேட்டால் அது ஜன்னல் கம்பி வழியாகவே ஓடிவிடுகிறது. மாமியாரும் மாட்டின் காம்பை அதன் பக்கம் திருப்பிவிடுகிறார். மாடும் பூனையும் வளர்க்கும் வாசகர்களே, கறவை நேரத்தில் பூனையையும் என் மாமியாரையும் பிரித்துவைக்க ஏதாவது வழி இருந்தால் எழுதுங்களேன்.