நாத்தனார் விற்காத லேத்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைக்கும் குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் முகத்தைச் சுளிப்பாள். ஆனாலும் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அன்று அவள் பட்டறையில் கடைசிவரை நின்றவள் நான் ஒருத்திதான்.

அவள் புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போனான். வண்டி, டிவி, அவள் வளையல் எல்லாம் போயிற்று. அவன் நடத்திய பட்டறையில் இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்தும் துளை போடுகிற டிரில்லிங் மெஷினும் மட்டும் மிஞ்சின. ஓடுகிறவன் லேத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? இரண்டு கட்டில் நீளம் அது.

மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் வேலையை விட்டுவிட்டு அந்த இரும்பின் முன்னால் போய் நின்றாள். இரும்பைச் சீவுகிற டூலை உடைத்தாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், இரும்புச் சுருள் கிழித்த கையோடு சாப்பிட வந்தாள்.

“கத்துக்குட்டிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மெஷின்? வித்துட்டு மேசை மேல வைக்கிற குட்டி லேத் ஒண்ணு வாங்கிக்கோயேன்” என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

“லாரி ஷாஃப்ட்டோட ஒருத்தன் வந்தா குட்டி மெஷின்ல எங்க மாட்டுறது அண்ணி? நான் விளையாடவா கத்துக்கிறேன்? சோத்துக்குக் கத்துக்கிறேன்.”



பிறகு ஒருநாள் தகட்டில் துளை போடக் குனிந்தபோது அவள் பின்னல் முன்னால் சரிந்தது. சுற்றிக்கொண்டிருந்த டிரில் அதை இழுத்துக்கொண்டது. அவள் தடவித் தடவி சுவிட்சை அடிப்பதற்குள் காதுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி முடி தோலோடு பிய்ந்துவிட்டது. ரத்தத்தைக் கழுவப் போனவள் நான். நூல்கண்டில் நூல் மாதிரி டிரில்லில் முடி சுற்றியிருந்தது. 

மெஷின் அவள் பின்னலைப் பிடித்தது ஒரே ஒரு தடவை. என் பின்னலைப் பிடித்து இழுக்க எங்கள் வீட்டில் மெஷின் தேவைப்பட்டதில்லை. என் வீட்டுக்காரரே போதும்.

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல். தங்கை மேல் உயிர், அதுவும் பொய்யில்லை. தையல் போட்டு அவளை அழைத்து வந்த மறுநாளே சம்மட்டியும் கையுமாகப் பட்டறைக்குக் கிளம்பினார். கூடவே பழைய இரும்பு வாங்குகிறவர். ஏதாவது விபரீதம் நடக்கும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். நாத்தனார் கட்டுப்போட்ட தலையோடு பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கே இது எல்லாத்தையும் எடைக்குப் போடுறேன்” என்று கத்திக்கொண்டே அவர் லேத்தில் ஓங்கி அடித்தார். அதைக் கையால் நகர்த்துகிற சக்கரத்தின் கைப்பிடி உடைந்து சுவரில் தெறித்தது. அடுத்த அடி லேத்தின் கனத்த அடிப்பாகத்தில் விழுந்து சம்மட்டி எகிறியது. அவள் எழுந்து குறுக்கே நின்றாள். பளாரென்று ஓர் அறை. கட்டுக்குள்ளிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது.

அவள் அழவில்லை. “முடியைக் கட்டாம குனிஞ்சது என் தப்பு. மெஷினை நிறுத்த சுவிட்ச் இருக்கு. உன்னை நிறுத்த எங்கண்ணா சுவிட்ச்?”

அவர் சம்மட்டியை மறுபடி தூக்கினார். லேத்துக்கா, அவளுக்கா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கைக்கு எட்டிய இரும்புக் கம்பியை எடுத்து அவர் முழங்கைக்குக் கீழே என் பலம் எல்லாவற்றையும் கூட்டி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. சம்மட்டி கீழே விழுந்தது. பழைய இரும்புக்காரர் தராசைக்கூட எடுக்காமல் ஓட்டம் பிடித்தார்.

“நீயாடி?” என்றார் என் வீட்டுக்காரர், தரையில் உட்கார்ந்தபடி.

“நான்தாங்க. ஆஸ்பத்திரி தெருமுனையிலதான் இருக்கு, கால் நல்லாத்தானே இருக்கு?”

 எனக்குப் பயமும் இருந்தது, மனசு நிறைந்தும் இருந்தது. அவர் கையைத் தாங்கிக்கொண்டு போகும்வரை கம்பியை நான் கீழே வைக்கவில்லை.

நாத்தனார் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். உடைந்த கைப்பிடியைப் பொறுக்கி அளவெடுத்தாள். என் கையிலிருந்த கம்பியை வாங்கி லேத்தில் மாட்டி, சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் புதுக் கைப்பிடி கடைய ஆரம்பித்தாள். முதலாவது கோணலாக வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி கடைந்தாள். இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்புறம் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தாள். மிச்சமிருந்த அவள் முடியைக் கட்டு அவிழாமல் ஒட்ட வெட்டினேன்.

“வீட்டுக்குப் போறீங்களா அண்ணி?”

“எந்த வீட்டுக்கு?”

அவள் கத்தரிக்கோலை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். “இங்க ஒரு ஆள் வேணும். ஆனா இந்தப் பின்னலோட மெஷின்கிட்ட விடமாட்டேன்.”

நான் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்து பின்னலை அவள் கையில் கொடுத்தேன்.