ஒண்டிக்கடையில் நனையாத சக்கரவர்த்தி

கரடியூர்க்காரர் ஒருவர் என் ஜப்பானியச் சக்கரவர்த்தியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஏற்காடு டவுனில், ஒண்டிக்கடைச் சந்திப்பு நடுவில் நின்று கத்தவும் செய்தேன்.

சக்கரவர்த்தி என்றால் ஆளில்லை. ஆறு நோட்டுப் புத்தகம். சேலத்தில் சரித்திர வாத்தியாரான நான், பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட கோ-நாராவின் வாழ்க்கையை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். நகல் கிடையாது. 1986 டிசம்பர், அரைப் பரீட்சை விடுமுறையில் ஏற்காடு மலையேறி, கரடியூரில் ஒரு நண்பர் வீட்டில் ஒன்பது நாள் தங்கிக் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். பத்தாம் நாள் கிளம்பினேன்.

காலை 8.30. ஏற்காடு டவுனுக்குப் போகும் பஸ் கரடியூரிலேயே நிரம்பிவிட்டது. டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். என் தகரப் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இத வெச்சா நான் எங்கீங்க நிக்கறது? மேல ஏத்துங்க" என்றார். பெட்டியின் மூடி என் வாயைப் போல, சரியாக மூடாது. கூரையில் அதற்குப் பக்கத்தில் ஒரு காப்பி மூட்டை, மேலே தார்ப்பாய் போர்த்தி. மூட்டைக்காரர், நாற்பது வயது மதிக்கத்தக்க விவசாயி, தன் பேர் சடையன் என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்ந்த காப்பியை ஒண்டிக்கடை வியாபாரியிடம் போட்டுவிட்டு, பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவேண்டுமாம்.

"பெட்டில என்னங்க வாத்தியாரே, அத்தனை கனம்?"

"ஒரு ராஜாங்க. நானே கையால எழுதினது."

கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? நாடு முழுக்கச் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்ததையும், கோ-நாரா பட்டத்துக்கு வந்தும் முடிசூட்டு விழாவுக்கு வழியில்லாமல் பத்து வருடம் காத்திருந்ததையும், கடைசியில் அந்தச் சண்டைக்காரர்கள் கொடுத்தனுப்பிய பணத்திலேயே விழா நடந்ததையும், அரண்மனைச் சுவர் இடிந்து கிடந்ததையும், அவர் தன் கையால் அழகாக எழுதிய தாள்களை விற்றுக் காலம் தள்ளியதையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

"அந்த ராசா ஊட்டுக்கு நம்மூடே தேவலைங்க" என்றார் சடையன். "சண்டைய நிறுத்தச் சொல்லலீங்களா?"

"சொன்னா யாருங்க கேக்கறது?"

"அப்ப சனத்துக்குன்னு என்னதான் பண்ணுனாருங்க?"

"கொள்ளைநோய் வந்தப்ப, புத்த மந்திரத்தத் தன் கையாலயே எழுதி ஊரூரா அனுப்பினாரு. சனத்துக்குத் தாய் தகப்பனா இருக்கவேண்டிய எனக்கு அந்த யோக்கியதை இல்லாமப் போச்சேன்னு வெக்கப்பட்டு அடியில எழுதினாரு."



"அந்தக் காயிதம் இன்னும் இருக்குதுங்களா?"

"சிலது இருக்கு. நானூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"நொம்ப வருசமுங்க. யாரோ நனையாமப் பாத்திருக்காங்க."

9.15. மழை. அன்று காலை யாரும் எதிர்பார்க்காத மழை. வளைவு ஒன்றில் சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து ரோட்டில் கிடந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கி இழுத்தார்கள். நானும் ஆண்தான், ஆனால் சளி பிடிக்கும். ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டு, சக்கரவர்த்தியின் வெட்கத்தை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

10.05. ஒண்டிக்கடை. விழித்தபோது பஸ் பாதி காலி. வாசல் நெரிசலில் கடைசி ஆளாக இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கூரையில் நனைந்த சாக்கு மூட்டை ஒன்றே இருந்தது. பெட்டி இல்லை. திரும்பினால், தார்ப்பாய் சுற்றிய சதுரமான எதையோ தலையில் வைத்துக்கொண்டு சடையன் டீக்கடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்.

ஓடியிருக்கலாம், கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் செய்தது, "திருடன்! பிடிங்க! என் சக்கரவர்த்தி போச்சு!" என்று அலறியது.

"யாருங்க போனது?" என்றார் ஒரு பழக்கடைக்காரர்.

அதற்குள் இரண்டு பேர் சடையனின் தோள் துண்டைப் பிடித்துவிட்டார்கள். கண்டக்டர் ஓடிப்போய், "எறக்குய்யா, அவுத்துக் காட்டு" என்றார். சடையன் டீக்கடை பெஞ்சில் இறக்கி, முடிச்சை அவிழ்த்தார். என் பெட்டி. திறந்தார். ஆறு நோட்டும் ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தன.

"அட, அந்த ராசா இவருதானுங்களா?" என்று டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இங்க இன்னும் தூறுது. அதான் கடைக்குள்ள வெச்சுட்டு வந்து உங்கள எழுப்பலாமுன்னு போனனுங்க" என்றார் சடையன்.

மூட்டையை இறக்கினார். எதிரேயே காப்பி வியாபாரி. கையை உள்ளே விட்டுத் துழாவி, "ஈரமுங்க. காய வெச்சுக் கொண்டாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஏதோ உளறினேன். மன்னிப்பும் அதில் இருந்திருக்க வேண்டும்.

"காப்பியத் திரும்பக் காயப் போட்டுக்கலாமுங்க. எழுத்தக் காயப் போட முடியுங்களா?" என்றவர், மூட்டையைத் தலைக்குத் தூக்கிய பிறகு திரும்பி, "பேரு சொல்லிக் கூப்புட்டிருக்கலாமுங்க. சொல்லியிருந்தேனுங்களே" என்றார்.

கரடியூருக்கு அடுத்த பஸ் மாலையில்தான். நடந்தே போய்விட்டார்.

மதியம் 1.00. சேலம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மூடி திறந்து திறந்து மூடியது. தான் செய்யாமல் விட்டதற்காக ஒரு ராஜா வெட்கப்பட்ட கதையை இரண்டு வருடம் எழுதியவன் நான். அந்த வரியைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

கண்டக்டர் பிறகு சொன்னபடி, நான் தூங்கியபோது நடந்தது இவ்வளவுதான்: மற்றவர்கள் கிளையை இழுத்து முடித்ததும் சடையன் ஏணியில் ஏறினார். கூரையில் தார்ப்பாய் ஒன்றே ஒன்று இருந்தது, அது அவருடையது. அதைத் தன் மூட்டையிலிருந்து எடுத்து என் பெட்டிக்குப் போர்த்திக் கட்டினார். காப்பி நனைந்தது.