சென்சார் கண்ணில் சந்தனப் பொட்டு

எனக்குத் தெரிந்த ஒரே எல்லை அத்திப்பள்ளி செக்போஸ்ட். அதைத் தாண்டி பெங்களூருக்குப் போனால் இடுப்புவலியோடு திரும்புவேன். என் போர் அனுபவம் அவ்வளவுதான். அதனால் மேனேஜர் எங்களை ஷெட் வாசலில் நிற்கவைத்து, அங்கே நம் வீரர்கள், இங்கே நீங்கள் வீராங்கனைகள் என்று பேசியபோது, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் டீ டிரம் மட்டும் இருந்தது.

ஓசூரில், இரும்புத் தகட்டை மெஷினில் அடித்து வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை என்னுடையது. அடித்து வரும் இரும்புத் துண்டை அளந்து பார்த்து, நல்லதைப் பச்சைத் தொட்டியிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போட வேண்டும். தடிதடியாக ருஷ்ய நாவல்கள் படித்தவளுக்கு ஐம்பதை நெருங்கும்போது கைவந்த கலை இது. வழக்கமாக வருவது கார் பாகங்கள். டி.வி.யில் சண்டைச் செய்தி ஓடத் தொடங்கியதும் கிண்ணம் மாதிரி ஒரு துண்டு வந்தது. ராணுவத்துக்கு, அவசரம் என்றார்கள். என்னத்துக்கு என்று சொல்லவில்லை. வெடிக்கிற எதற்கோ மூடி என்று நாங்களே முடிவுகட்டினோம்.

பிரஸ்ஸில் உட்காருகிறவர்கள் மூக்கண்டப்பள்ளி ஹாஸ்டலிலிருந்து வேனில் வரும் கான்ட்ராக்ட் பெண்கள். பொறுமை அதிகம், கை வேகம், எதிர்த்துப் பேச மாட்டார்கள். பெண்களாகப் பார்த்து எடுப்பதற்கான இந்தக் கடைசிக் காரணத்தைக் கம்பெனி வெளியே சொல்லாது.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. ஒன்றின் கண்ணிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகும். நடுவே கை இருந்தால் வெளிச்சம் மறையும், மேலிருந்து இறங்கி அடிக்கும் டை என்கிற இரும்பு அச்சு இறங்காது. ஆயுத பூஜையன்று பாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் மெஷினைக் கழுவித் துடைத்து, மோட்டாருக்கு, பட்டனுக்கு, சென்சார் கண்ணுக்கு என்று ஒரு இடம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். லீவு முடிந்து வந்தால் மெஷின் அசையவில்லை. கண்ணை அடைத்திருந்த சந்தனத்தை யாரும் யோசிக்கவில்லை. அவசர ஆர்டர் ஆயிற்றே. சூப்பர்வைசர் சென்சார் வயரைப் பிடுங்கி, அது இல்லாமலே ஓடும்படி பைபாஸ் செய்தார். இப்போதைக்கு என்றார். அந்த வாரமே சந்தனத்தைத் துடைத்துவிட்டார்கள். வயரை மாட்டவில்லை.

ஒரு நாள் துண்டு டையில் ஒட்டிக்கொண்டது. அவள் கையை விட்டு எடுத்தாள்.

இரும்பை அடிக்கும்போது வரும் அதே சத்தம்தான் வந்தது. வேறு சத்தம் வரவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கையில் கட்டு. இரண்டு விரல் இல்லை. எனக்கு முன்னாலேயே சூப்பர்வைசர் வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஒரு விளக்கத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் பொட்டு வச்சதுனாலதான் சென்சார் கெட்டுப்போச்சாமே, அக்கா?"

அவளுக்கு வலி மருந்து. எனக்குத்தான் ஒன்றும் கொடுக்கவில்லை.

"வயரைப் புடுங்கினது நீயாடி?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? வாய மூடிட்டுப் படு."

மறுநாள் மெஷினைக் கழுவி வைத்திருந்தார்கள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தளிப் பக்கத்துத் தெலுங்குப் பெண்ணை அதில் உட்காரச் சொன்னார்கள். அவள் கிளவுஸைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தாள். வயர் மாட்டியாச்சா, கேட்டுச் சொல்லுங்கக்கா என்றாள். கேட்டேன். மாட்டியாச்சு, அளக்கிற வேலையை மட்டும் பாருங்கம்மா என்றார் சூப்பர்வைசர். நிஜமா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, அந்தப் பெண் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான்.

நான் கோபம் வந்தால் ஜோக் அடிக்கிற ஜாதி. அன்று ஜோக் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, நேரே போய் சென்சார் கண்ணில் அப்பினேன்.

"இப்ப நீங்களே பட்டனை அழுத்துங்க சார்" என்றேன்.

நான் போன வேகத்தில் எல்லாரும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க அவரால் மறுக்க முடியவில்லை. அழுத்தினார். கண் அடைத்திருந்தும் டை டங்கென்று இறங்கியது.

அந்தப் பெண் கிளவுஸை என் மேஜையில் வைத்தாள். மற்றவர்களும் உட்காரவில்லை. மதியத்துக்குள் எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாட்டினார். மறுபடி சந்தனம் வைத்தோம். டை இறங்கவில்லை. துடைத்தோம், அதன்பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைக்கிறோம். ஓடாவிட்டால் துடைத்துவிட்டு வேலை. ஓடினால் வேலை இல்லை. தினமும் ஆயுத பூஜையா என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். ஆயுதம் செய்யற இடம்தானே என்று ஒரு பெண் கேட்டாள். எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று எடுத்தவர்களில் ஒருத்தி.

பாரூர்க்காரி ஊரோடு போய்விட்டாள். இடது கையால் சாப்பிடப் பழகுகிறாளாம்.

போன வாரம் ஆர்டர் கொடுத்தவர்கள் பார்வையிட வந்தார்கள். மேனேஜர் பொட்டைக் காட்டி, எங்க லேடீஸுக்குத் தொழில் பக்தி என்றார். அவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

"பக்தி இல்ல சார். உங்க மேல நம்பிக்கை இல்ல" என்றேன் மேனேஜரிடம்.

ஜோக் அடிக்கிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன் அல்லவா, எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.